புதனுக்கு அடுத்த நாள்

என் ஓரகத்தி மேரிம் எங்கள் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து வியாழக்கிழமையை வியாழக்கிழமை என்று சொன்னதே கிடையாது. "புதனுக்கு அடுத்த நாள்" என்பாள். எல்லாம் என் கொழுந்தன் பெய்ஷென்பெக்கால் வந்தது. அவன் பிறந்தது வியாழக்கிழமை. என் மாமியார் ரொம்ப யோசிக்காமல் கிழமையின் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டாள். பெய்ஷெம்பி என்றால் எங்கள் மொழியில் வியாழன். புருஷனுடைய அண்ணன்மார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அந்தப் பெயரை நினைவுபடுத்துகிற சொல்லையும் சொல்லக்கூடாது. மேரிமுக்கு வாரத்தில் ஆறு கிழமைதான்.

எனக்கு அந்தத் தொல்லை இல்லை. நான் மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள். நான் கல்யாணமாகி வந்தபோது பெய்ஷென் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு என் பாவாடையைப் பிடித்தபடி திரிந்த வாண்டு. "டேய் பெய்ஷென்!" என்று ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும்படி கத்திக் கூப்பிடுவேன். மேரிம் வந்தது கடைக்குட்டி உலானுக்கு. என் புருஷன் அசனாலி கோடை முழுக்க மேட்டு மேய்ச்சலில் குதிரைகளோடு கிடப்பவர். அதனால் அவளுக்கு அவர் "மேட்டு மூத்தவர்". பெய்ஷென் அவளோடு கீழே ஊர் வீட்டில் இருந்ததால் அவன் "வீட்டு மூத்தவர்".

"மேரிம், ஊர்க் குழு என்னிக்குக் கூடுது?" என்று வேண்டுமென்றே கேட்பேன்.

"புதனுக்கு அடுத்த நாள் அக்கா."

"அது வெள்ளியாச்சே?"

"போங்க அக்கா. உங்களுக்குப் பொழுது போகலைன்னா என் வாயைக் கிளற வந்துடுவீங்க."

ஊர்ப் பெண்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். "மருமகள்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார்கள். நானும் பதிலுக்கு ஒரு முறை முறைப்பேன்.

உலான் ருஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். பெய்ஷென்பெக்கின் பெண்டாட்டி உலானுக்கு முன்பே மாஸ்கோவுக்குக் கூட்டிப் பெருக்கப் போனவள், திரும்பி வரவே இல்லை. பெருக்குவதற்கு அங்கே அப்படி எவ்வளவு குப்பைதான் இருக்கிறதோ. அவள் போன பிறகு பெய்ஷென் குடித்தான். அதற்கு முன்பு குடிக்கவில்லையா என்றால் குடித்தான். ஆனால் அது கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் எல்லா ஆண்களும் குடிக்கிற குடி. இது வேறு. பனியில் விழுந்து கிடந்து இரண்டு விரல் போயிற்று. என் மாமியார் உயிரோடு இருக்கும்போதே அவளுடைய கல்யாணச் சேணத்தை விற்றுக் குடித்தான். அவள் அதைக் கடைசிவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

எங்கள் ஊரில் குடிக்கு எதிராக ஒரு குழு வைத்தார்கள். மருத்துவ நிலைய நர்ஸ் உம்சுனாய், மசூதி மொல்லா, எங்கள் பகுதிப் போலீஸ்காரர், ஊர்த் தலைவர், இந்த நான்கு பேரும் வாரா வாரம் வியாழக்கிழமை நூலக அறையில் உட்கார்ந்து பேசுவார்கள். முதல் வருஷம் அவர்கள் ஒழித்தது தேநீரையும், எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரமான போர்சோக்கையும்தான். நான் அதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப் போகும். என் பெய்ஷெனை எழுப்பி உட்கார வைத்தவர்கள் அவர்கள்தான். முன்பெல்லாம் அவனைத் தரதரவென்று இழுத்துப் போய் அறையில் அடைக்கிற அதே போலீஸ்காரர், ஒருநாள் அவனைத் தோளில் சாய்த்து நர்ஸ் வீட்டுக்குக் கூட்டிப் போனார். கை கால் உதறி, சுவரில் பாம்பு ஊர்கிறது என்று அவன் அலறியபோது உம்சுனாய் பக்கத்திலிருந்து நகரவில்லை. மொல்லா மசூதி முற்றத்தின் சாவியைக் கொடுத்து, "பெருக்கு, மரத்துக்குத் தண்ணி ஊத்து, தொழணும்னு கட்டாயம் இல்ல" என்றார். தலைவர் வாய்க்கால் வேலை கொடுத்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். நான் உம்சுனாயின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அவனுக்குப் புதுச் சட்டை போட்டுப் படம் எடுத்தார்கள். "நான் விட்டேன், நீயும் விடு" என்று எழுதி மருத்துவ நிலைய வாசலில் மாட்டினார்கள். பக்கத்து ஊர், அதற்கடுத்த ஊர் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் அழைத்துப் போய்ப் பேச வைத்தார்கள். அம்மாவின் சேணத்தை விற்ற கதையை அவன் ஒவ்வொரு ஊரிலும் எழுந்து நின்று சொன்னான். ஒரே புண்ணை ஊர் ஊராகக் கீறிக் காட்டினால் அது எப்படி ஆறும்?

"ஏன்டா இப்படிப் போய்ப் போய்ச் சொல்ற? அந்த நாலு பேருக்கும் வேற ஆளே கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

"அண்ணி, நான் சொன்னா ஒருத்தனாவது நிறுத்துவான்ல?"

"அவன் நிறுத்துவான். நீ?"

"நான்தான் சுவத்துல தொங்குறேனே அண்ணி. இனிமே எங்கே விழறது?" என்று சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

குழு அடுத்ததாகக் கடையில் வோட்கா விற்பதை நிறுத்தியது. நல்ல காரியம்தான். ஆனால் நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் பிளாஸ்டிக் பாட்டிலில் ஏதோ ஒரு ஸ்பிரிட்டை விற்றார்கள். அது எல்லாருக்கும் தெரியும். பிறகு எங்கிருந்தோ ஒரு பழைய வேன் வாங்கினார்கள். ஓட்டுநர் எர்கின் கையில் ஒரு போன் கொடுத்து, அந்த எண்ணை ஊர்ச் சுவர்களில் எழுதினார்கள். யாராவது குடித்து விழுந்தால் அந்த எண்ணைக் கூப்பிட வேண்டும், வேன் வரும், நர்ஸ் வருவாள். அதுவரைக்கும் எங்களுக்கு என்ன நேர்ந்தாலும் நிலையத்தை ஒட்டிய உம்சுனாய் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவதுதான் வழக்கம்.

அன்று நான் மேட்டில், கூடாரத்துக்கு வெளியே பெண்குதிரை ஒன்றைக் கறந்துகொண்டிருந்தேன். கீழே வளைவில் வேன் புழுதி கிளப்பிக்கொண்டு ஏறி வருவது தெரிந்தது. அந்த வேன் எங்கள் மேட்டுக்கு வந்ததே இல்லை. வந்து நிற்பதற்குள் உம்சுனாய் பையோடு கீழே குதித்தாள்.

"எங்கே அவர்? எங்கே படுக்க வெச்சிருக்கே?"

"யாரை?"

"உன் புருஷனை!"

அசனாலி கூடாரத்துக்குள்ளிருந்து காலுறையோடு வெளியே வந்தார். வாயில் போர்சோக். "எனக்கு என்ன?" என்றார்.

உம்சுனாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். வாயை முகர்ந்து பார்த்தாள். அவர் கூச்சத்தில் நெளிந்தார்.

"நீங்க விழுந்துட்டீங்கன்னு போன் வந்தது மாமா," என்றான் எர்கின்.

"விழுந்தேனா? செத்தே போயிட்டேன்னு சொல்லலையே, அதுவரைக்கும் சந்தோஷம். வாங்க, வாங்க. செத்தவன் கையால ஒரு கிண்ணம் குதிரைப்பால் குடிச்சிட்டுப் போங்க. ஊர்ல போய்ச் சொல்லிக்கலாம்."

எல்லாரும் சிரித்தோம். மேட்டுக்கு வந்தவர்களை வாய் நனைக்காமல் அனுப்புவது எங்களில் கிடையாது. நான் புளித்த குதிரைப்பாலைக் கலக்கி ஊற்றினேன். மூச்சிரைக்க வந்த உம்சுனாய் ஒரு கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னொன்றுக்கு நீட்டினாள். வெயில் நன்றாக இருந்தது.

"போன் பண்ணது யாரு?" என்று கேட்டேன்.

"உங்க மேரிம்தான் அக்கா," என்றான் எர்கின். "வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன், இரைச்சல்ல சரியா கேக்கல. மேட்டு மூத்தவர் விழுந்துட்டாருன்னுச்சு. மேட்டுல இருந்து யாராவது குதிரையில வந்து சேதி சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"பேர் சொன்னாளா?"

"எங்க சொல்லுது? பேரைச் சொல்லும்மான்னு கத்தினேன். 'புதனுக்கு அடுத்த நாள், புதனுக்கு அடுத்த நாள்'னு அழுதுச்சு. இன்னிக்கு வியாழன்தானே, தெரியுமேன்னேன். அப்புறம், வர்றோம், நீ நகராதேன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்."

என் கையிலிருந்த அகப்பை விழுந்தது. அந்தச் சொல்லை வைத்து அவளைக் கேலி செய்து சிரித்தவள் நான் ஒருத்திதான். அதைக் கேட்டதும் அவள் யாரைச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டிருக்கக்கூடியவளும் நான்தான். நானோ மலை மேல் உட்கார்ந்திருந்தேன்.

"மேட்டு மூத்தவர் இல்லடா! வீட்டு மூத்தவர்! பெய்ஷென்டா!"

எர்கின் நம்பவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. "அவரா? அவர் விட்டுட்டாரே அக்கா. அவர் படத்தை நான்தானே ஆணி அடிச்சு மாட்டினேன்," என்றான். உம்சுனாய் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்து வேனுக்கு இழுத்தாள். நானும் ஏறினேன். அசனாலி குதிரையை அவிழ்த்தார்.

இறங்குகிற வழி நெடுக வேன் ஒவ்வொரு கல்லிலும் குதித்தது. மேட்டில் போன் எடுக்காது. செம்பாறை வளைவுக்கு வந்தால்தான் எடுக்கும். வளைவு வந்ததும் எர்கினின் போன் விடாமல் சத்தம் போட்டது. எல்லாம் மேரிம் கூப்பிட்டுக் கிடைக்காமல் போன அழைப்புகள். நான் போனைப் பிடுங்கி அவளைக் கூப்பிட்டேன்.

"வந்துட்டீங்களா?" என்றாள். குரல் கட்டிப் போயிருந்தது. "வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நகராதேன்னு சொன்னாங்க. நான் நகரவே இல்ல."

"மேரிம், நான்தான். அவன் எப்படி இருக்கான்?"

"அக்கா... காலையில, 'விளக்கைப் போடு மேரிம், ஏன் இப்படி இருட்டா இருக்கு'ன்னார். ஜன்னல்ல வெயில் அடிக்குது அக்கா. விளக்கைப் போடுங்கறார். போட்டேன். போட்டப்புறமும் போடுங்கறார்."

போனில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த உம்சுனாய் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் பார்வையைப் பறித்தது லாரிக்காரர்களின் பாட்டில்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது.

"மூச்சு இருக்கா?" என்று போனை வாங்கிக் கேட்டாள்.

"இருக்கு. ஆனா ஒரு மாதிரி இழுக்குது. நீங்க எங்கே இருக்கீங்க?"

"பக்கத்து வீட்டுக் கார் இருக்கா?"

"நிக்குது. நீங்க வர்றேன்னீங்களேன்னு நான் அவங்ககிட்ட கேக்கல."

"உடனே கேளு! ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லு! அதுவரைக்கும் தூங்க விடாதே. கன்னத்தைத் தட்டு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இரு."

உம்சுனாய் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"மேரிம்! கேக்குதா? பேரைச் சொல்லிக் கூப்பிடு!"

"நான் எப்படிங்க... 'மூத்தவரே, மூத்தவரே'ன்னு கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

நான் உம்சுனாயின் தோளுக்கு மேலாகப் போனுக்குள் கத்தினேன். "பேரைச் சொல்லுடி! மூத்தவரேன்னா அவனுக்கு எங்க கேக்கும்? அது அவன் பேரா? நான் சொல்றேன், பாவமெல்லாம் எனக்கு வரட்டும், சொல்லுடி!"

வளைவு முடிந்தது. போன் செத்துவிட்டது.

எங்கள் தெருவுக்குள் வேன் திரும்பும்போதே கேட்டது. முதலில் அது அவள் குரல் என்று எனக்குப் புரியவில்லை. மேரிம் அத்தனை வருஷத்தில் என் முன்னால் குரலை உயர்த்தியது இல்லை. "பெய்ஷென்பெக்! பெய்ஷென்! பெய்ஷென்பெக்!" என்று அவள் அலறிக்கொண்டிருந்தாள். வேலியோரம் பெண்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டுக் கார் கதவு திறந்தபடி நின்றது. அவன் கால்கள் காருக்குள்ளும் உடம்பு வெளியிலுமாக இருந்தன. தலை அவள் மடியில் இருந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு செய்வதறியாமல் நின்றார். மேரிம் அவன் காதுக்குள் குனிந்து அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். உம்சுனாய் மண்டியிட்டுக் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு மேரிமின் வாயை மெதுவாகத் தன் கையால் மூடினாள்.

கட்டிலுக்கு அடியில் பாதி காலியான பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. எப்போது மறுபடி ஆரம்பித்தான், ஏன் ஆரம்பித்தான், எவருக்கும் தெரியாது. மாஸ்கோவிலிருந்து ஏதோ சேதி வந்தது என்று சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முன்பு குடித்து விழுந்தபோது உம்சுனாயின் கதவைத் தட்ட அவனுக்கு வெட்கமாக இருந்ததில்லை. இந்த முறை அவள் நிலைய வாசலில் அவனே புதுச் சட்டையோடு சிரித்துக்கொண்டு நின்றான். அந்த ஆளைத் தாண்டி அவன் எப்படி உள்ளே போவான்?

முற்றத்தில் சாவுக் கூடாரம் கட்டினோம். குடித்துச் செத்தவனுக்குத் தொழுகை வைக்கலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். மொல்லா அந்தப் பக்கமே திரும்பவில்லை. வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்து, "இவர் எப்படிப்பட்ட மனுஷர்?" என்று கேட்டார். முதலில் குரல் கொடுத்தது அந்தப் போலீஸ்காரர். "நல்லவன்," என்றார். சொல்லிவிட்டுத் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். எர்கின் வேலிக்கு வெளியே நின்றான். உள்ளே வர மாட்டேன் என்றான். நான்தான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவன் மீது எனக்குக் கோபம் இல்லாமலில்லை. ஆனால் அவனும் எங்கள் பிள்ளைதானே.

அடுத்த வியாழக்கிழமை குழு கூடியது. போனில் கூப்பிடும்போது பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்று மருமகள்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தருவதாக முடிவு செய்தார்கள். அழைக்காமலே நான் போய் நின்றேன்.

"முதல்ல நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினா திறக்கறதுக்கு ஒரு ஆள் இருக்கணும். அதைப் பண்ணுங்க. அப்புறம் அந்தப் படத்தைக் கழட்டிக் குடுங்க," என்றேன்.

"சூராகான், அந்தப் படத்தைப் பாத்து ரெண்டு பேர் நிறுத்தியிருக்காங்க," என்றார் தலைவர் என்னிடம்.

"நிறுத்தட்டும். நல்லா இருக்கட்டும். எங்க புள்ளையைக் குடுங்க."

உம்சுனாய் எழுந்து மருத்துவ நிலைய வாசலுக்குப் போய், நாற்காலி போட்டு ஏறி, தானே ஆணியைப் பிடுங்கினாள். படத்தை என் கையில் கொடுத்துவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அவளிடம் சண்டை போடத்தான் போயிருந்தேன்.

நாற்பதாம் நாள் படையலுக்கு ஊரே வந்தது. அசனாலி மேட்டிலிருந்து ஒரு குதிரையை இறக்கி அறுத்தார். வோட்கா கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது, தெருக்கோடி வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவள், தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மேரிமைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"உன்னை எப்படி மெச்சிக்கிட்டிருந்தோம் மருமகளே! கடைசியில தெரு முழுக்கக் கேக்கப் பேரைச் சொல்லிட்டியே. மூத்தவர் பேராச்சே!"

நான் வாயைத் திறந்தேன். அந்தக் கிழவியைக் கிழித்துத் தோரணம் கட்டுவதற்கு என்னிடம் சொற்கள் தயாராக இருந்தன. ஆனால் மேரிம் முந்திக்கொண்டாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் மரியாதையாக அவளிடம் நீட்டினாள்.

"சொன்னேன் பெரியம்மா. ஆனா அவர் கேக்கலையே. கேட்டுக் கண்ணைத் திறந்திருந்தார்னா, இன்னிக்கு வெக்கப்பட்டுக்கிட்டு இந்த அக்கா முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னிருப்பேன்."

பெரியம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். மேரிம் அடுத்தவளுக்கு ஊற்றப் போனாள்.